ஓவர்டிரைவா, டிஸ்டார்ஷனா? உங்கள் ஆம்ப்புக்கேற்ற பெடலைத் தேர்ந்து அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நண்பரின் ஆம்ப்பில் (கிட்டாரின் ஒலிபெருக்கியில்) கேட்டபோது மயக்கிய ஓவர்டிரைவ் அல்லது டிஸ்டார்ஷன் பெடல் (கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் இடையே வைத்து ஒலியைச் சிதைக்கும் சிறு பெட்டி), உங்கள் ஆம்ப்பில் செருகியதும் வறட்டு இரைச்சலாகிவிடும். பெரும்பாலும் பெடலிலும் குறை இருக்காது, ஆம்ப்பிலும் குறை இருக்காது. இரண்டுக்கும் இடையே வேலைப் பங்கீடு சரியில்லை, அவ்வளவுதான். ஒலியைச் சிதைக்கும் வேலையைப் பெடல் செய்யப்போகிறதா, ஆம்ப் செய்யப்போகிறதா, இருவரும் பகிர்ந்துகொள்ளப் போகிறார்களா என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் குமிழ்களைத் திருப்புவது எளிதாகிவிடும். பெடலின் பெயரைப் பார்த்து வாங்குகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

சிதைவு எப்படி உண்டாகிறது

கிட்டாரின் பிக்கப்பிலிருந்து (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகத்திலிருந்து) வரும் சிக்னல் மிகச் சிறியது. மென்மையாக மீட்டினால் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு இருக்கும்; ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) உள்ள கிட்டாரை ஓங்கி அடித்தால் ஒரு வோல்ட்டைத் தொடலாம். இதைப் பெருக்கும் சுற்றுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. சிக்னல் அந்த வரம்பைத் தாண்ட முயலும்போது அலையின் முகடு வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. இதுதான் கிளிப்பிங். முகடு தட்டையானால் மூல ஒலியில் இல்லாத ஹார்மோனிக்குகள் (மூலச் சுரத்தின் 2, 3, 4 மடங்கு அதிர்வெண்கள்) புதிதாகப் பிறக்கின்றன. நாம் கரகரப்பு, சூடு, கடி என்று பல பெயரில் சொல்வதெல்லாம் இவற்றைத்தான்.

முகடு எப்படித் தட்டையாகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தாழ்வான கூரை உள்ள அறைக்குள் உயரமான இருவர் நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கூரை நெருங்க நெருங்கக் குனிந்துகொண்டே போகிறார். இன்னொருவர் நிமிர்ந்தபடியே போய் இடித்துக்கொள்கிறார். முதலாமவர் சாஃப்ட் கிளிப்பிங், இரண்டாமவர் ஹார்ட் கிளிப்பிங். பொதுவாக ஓவர்டிரைவ் முதல் வகை, டிஸ்டார்ஷன் இரண்டாவது வகை. சாஃப்ட் கிளிப்பிங்கில் மென்மையாக மீட்டினால் சுத்தமாகவும், அழுத்தி மீட்டினால் கரகரப்பாகவும் வரும். இடையில் பல நிலைகள் உண்டு. ஹார்ட் கிளிப்பிங்கில் அந்த இடைநிலைகள் குறைவு. பதிலுக்குக் கூர்மையும், நீண்டு நிற்கும் சஸ்டெயினும் கிடைக்கும்.

இன்னொரு நுணுக்கம். அலையின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே அளவில் வெட்டுப்பட்டால் 3, 5, 7 என ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் மட்டும் சேரும். ஒரு பக்கம் அதிகமாக, ஒரு பக்கம் குறைவாக வெட்டுப்பட்டால் 2, 4 போன்ற இரட்டைப்படையும் சேரும். பாஸ் நிறுவனம் 1977-ல் வெளியிட்ட ஓடி-1 என்ற ஓவர்டிரைவ் பெடல் இப்படி இரண்டு பக்கமும் சமமில்லாமல் வெட்டுவது. ஒரு திசையில் இரண்டு டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் கடத்தும் சிறு பாகம்), மறு திசையில் ஒரு டயோடு என்ற அந்த உத்தியை அதன் வாரிசான எஸ்டி-1 இன்றும் பயன்படுத்துகிறது.

பெடலுக்குள் நடப்பது

ஓவர்டிரைவ் பெடலின் இலக்கணமாக ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமரைச் சொல்லலாம். 1970-களின் இறுதியில் வந்தது. இதில் டயோடுகள் ஆப்-ஆம்ப்பின் (சிக்னலைப் பெருக்கும் சிப்பின்) ஃபீட்பேக் பாதையில், அதாவது வெளியீடு மீண்டும் உள்ளே திரும்பும் வழியில், இருக்கின்றன. சிக்னல் பெரிதாகும்போது டயோடுகள் விழித்துக்கொண்டு பெருக்கத்தைக் குறைக்கின்றன. எவ்வளவு டிரைவ் (சிதைவின் அளவைக் கூட்டும் குமிழ்) ஏற்றினாலும் சிதையாத மூல சிக்னலும் அடியில் கொஞ்சம் கலந்தே வெளியே வருவது இந்த அமைப்பின் இயல்பு. விரலின் அழுத்தம் கேட்பவர் காதுவரை போய்ச் சேர்வதற்கு அதுவும் ஒரு காரணம். தவிர, சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பேஸ் பகுதியை இது மற்றதைப் போலப் பெருக்குவதில்லை. கிளிப்பிங்குக்குப் பிறகு ட்ரெபிளையும் சீவி விடுகிறது. மிஞ்சுவது நடுவில் புடைத்த ஒலி. கிட்டார்க்காரர்கள் மிட் ஹம்ப் என்பது இதைத்தான்.

டிஸ்டார்ஷனுக்கு உதாரணம் பாஸ் டிஎஸ்-1. 1978-ல் வந்து இன்னும் விற்பனையில் இருக்கிறது. இதில் சிக்னல் முதலில் நன்றாகப் பெருக்கப்படுகிறது. அதன்பின் கிரவுண்டை நோக்கிப் போடப்பட்ட டயோடுகள், வரம்பைத் தாண்டியதையெல்லாம் நறுக்கிவிடுகின்றன. இதன் டோன் சுற்று டியூப் ஸ்க்ரீமருக்கு நேர் எதிர். சுமார் 500 ஹெர்ட்ஸ் பகுதியில் பள்ளம் விழுகிறது. அதே காலத்தின் ப்ரோகோ ராட்டும் இந்தக் குடும்பம்தான். ராட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் ஃபில்டர் குமிழ் தலைகீழ். வலது பக்கம் திருப்பத் திருப்ப ட்ரெபிள் குறையும். தெரியாமல் இடக்கோடியில் வைத்து வாசித்துவிட்டு, காதைக் கிழிக்கிறது என்று அதைத் திட்டுபவர்கள் உண்டு.

டயோடின் வகையும் பேசும். சிலிக்கான் டயோடு 0.6 முதல் 0.7 வோல்ட்டில் கடத்தத் தொடங்கும், ஜெர்மேனியம் ஏறக்குறைய 0.3 வோல்ட்டிலேயே. எல்இடியைக் கிளிப்பிங்குக்குப் போட்டால் வரம்பு 1.6 வோல்ட்டுக்கும் மேலே போகும். வரம்பு உயர்ந்தால் ஒலி திறந்ததாகவும் சத்தமாகவும் இருக்கும், தாழ்ந்தால் அமுங்கியிருக்கும்.

மேலே பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ் தன்னை டிஸ்டார்ஷன் என்கிறது, காதுக்கோ இன்றைய ஓவர்டிரைவ் போலத்தான் கேட்கிறது. ஓவர்டிரைவாகவே கொண்டாடப்படும் க்ளான் சென்டாரில் ஜெர்மேனியம் டயோடுகள் கிரவுண்டை நோக்கித்தான் இருக்கின்றன, அதாவது டிஸ்டார்ஷன் பெடலின் அமைப்பில். கூடவே சுத்தமான சிக்னலைக் கலந்துவிடுவதால் முரட்டுத்தனம் தெரிவதில்லை. ஆகவே ஒரு பெடலை மதிப்பிடும்போது இரண்டு கேள்விகள் போதும். டிரைவைக் குறைத்து, லெவலை (பெடலிலிருந்து வெளியேறும் சத்தத்தின் அளவை) ஏற்றினால் இது ஆம்ப்பைத் தள்ளிச் சிதைய வைக்கிறதா? ஆம்ப் சுத்தமாகவே இருக்கும்போது இது தனியாக நின்று நல்ல ஒலி தருகிறதா? முதல் கேள்விக்கு ஆம் என்றால் நடைமுறையில் அது ஓவர்டிரைவ். இரண்டாவதற்கு ஆம் என்றால் டிஸ்டார்ஷன். சில பெடல்கள் இரண்டுக்கும் தேறும்.

ஆம்ப்புக்குள் நடப்பது

டியூப் ஆம்ப்பின் முதல் கட்டத்தில் பெரும்பாலும் இருப்பது 12ஏஎக்ஸ்7 என்ற சிறிய டியூப் (வெற்றிடக் குழாய்). அதன் உள்ளீட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் வரை போனால் சிக்னல் வளைந்து சிதையத் தொடங்கும். வெறும் கிட்டார் அந்த அளவை எட்டுவது அரிது, ஆனால் லெவல் ஏற்றிய பெடல் எளிதில் எட்டிவிடும். அதன்பின் டோன் சுற்று, பவர் டியூப்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், கடைசியில் ஸ்பீக்கர் என்று ஒவ்வொரு கட்டமும் தன் பங்குக்குச் சிக்னலைக் கொஞ்சம் அமுக்கி உருட்டிவிடுகிறது. சில பழைய பாணி ஆம்ப்களில் ஓங்கி அடிக்கும் கணத்தில் மின்வழங்கலே சற்றுத் துவண்டு மீளும். சேக் என்று சொல்லப்படும் இந்தத் துவள்வு, விரலுக்கடியில் ரப்பர் போன்ற உணர்வைத் தருகிறது.

சாலிட் ஸ்டேட் ஆம்ப்பில் வேலை செய்பவை டிரான்சிஸ்டர்களும் ஆப்-ஆம்ப்களும். இவற்றில் ஃபீட்பேக் அதிகம் இருப்பதால் வரம்பு வரும்வரை சிக்னலை நேர்மையாகப் பெருக்கிக்கொண்டே போகும். வரம்பு வந்ததும் சட்டென்று வெட்டும். அந்த வெட்டு பொதுவாக இனிமையாக இருக்காது. அதனால்தான் நல்ல சாலிட் ஸ்டேட் ஆம்ப்களை வரம்புக்கு வெகு கீழே, சுத்தமாக ஓட்டுவார்கள். 1975-ல் வந்த ரோலண்ட் ஜேசி-120 இதற்குப் பேர்போனது: இரண்டு பக்கமும் தலா 60 வாட், எவ்வளவு தள்ளினாலும் கலங்காத சுத்த ஒலி.

பலர் கவனிக்காத வேறுபாடு ஒன்று ஸ்பீக்கர் பக்கம் இருக்கிறது. கிட்டார் ஸ்பீக்கரின் மின்தடை எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. பேஸில் ஓரிடத்தில் புடைக்கும், மேலே போகப்போக ஏறும். டியூப் பவர் ஆம்ப் அந்த ஏற்ற இறக்கத்துக்கு இணங்கி, அங்கெல்லாம் கொஞ்சம் கூடுதலாக ஒலிக்கும். வழக்கமான சாலிட் ஸ்டேட் பவர் ஆம்ப் அதைப் பொருட்படுத்தாது. ஒரே பெடலும் ஒரே ஸ்பீக்கரும் இருந்தும் ஒன்றில் அடிவயிறும் பளபளப்பும் கூடி, மற்றொன்றில் தட்டையாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

இதை வைத்து சாலிட் ஸ்டேட் மட்டமானது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் லேப் சீரிஸ் எல்5 என்ற சாலிட் ஸ்டேட் ஆம்ப்பைப் பல ஆண்டுகள் வாசித்தார். கிட்டார்க்காரர் டைம்பேக் டேரலின் கத்தி போன்ற மெட்டல் ஒலி ராண்டால் சாலிட் ஸ்டேட் ஆம்ப்களிலிருந்து வந்தது. ஆம்ப்பின் குணத்துக்கு ஏற்ற வேலையை அதற்குக் கொடுக்க வேண்டும், அதுதான் செய்தி.

படி 1: பெடல் இல்லாமல் ஆம்ப்பைக் கேளுங்கள்

பெடலைத் தொடும் முன் கிட்டாரை நேரடியாக ஆம்ப்பில் செருகுங்கள். கிட்டாரின் வால்யூமும் டோனும் முழுவதும் திறந்திருக்கட்டும். ஆம்ப்பின் பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் 12 மணி நிலையில், அதாவது நடுவில் வையுங்கள். இந்தக் கட்டுரையில் குமிழ் நிலைகளைக் கடிகார முள்ளை வைத்தே சொல்கிறேன்.

டியூப் ஆம்ப் என்றால் கெயின் அல்லது வால்யூமை மெல்ல ஏற்றிக்கொண்டே போங்கள். மென்மையாக மீட்டினால் சுத்தமாகவும், ஓங்கி அடித்தால் ஓரத்தில் லேசாகக் கரகரப்பாகவும் வரும் ஓர் இடம் இருக்கும். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓவர்டிரைவ் பெடலுக்கு அதுதான் வீடு. ஸ்டாண்ட்பை சுவிட்ச் உள்ள ஆம்ப்பில் டியூப் சூடேற ஓரிரு நிமிடம் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

சாலிட் ஸ்டேட் ஆம்ப் என்றால் கிளீன் சேனலில் நில்லுங்கள். கெயின் என்று தனிக் குமிழ் இருந்தால் அதைத் தாழ்வாக வைத்து, சத்தத்தை மாஸ்டரில் (மொத்தச் சத்தக் குமிழில்) ஏற்றுங்கள். பிரைட் சுவிட்ச் இருந்தால் அணைத்துவிடுங்கள். சுத்த ஒலிக்கு அது அழகு, டிஸ்டார்ஷனுக்கு எதிரி. ஹை, லோ என இரண்டு உள்ளீடு இருந்தால் பெடலுக்கு லோ பல நேரம் பொருத்தம்.

சுத்த ஒலியே பிடிக்கவில்லை என்றால் இங்கேயே நின்று அதைச் சரிசெய்யுங்கள். பெடல் அதை மூடி மறைக்காது, பெரிதாக்கித்தான் காட்டும்.

படி 2: டியூப் ஆம்ப்பில் ஓவர்டிரைவ்

ஆம்ப்பை முன்பு குறித்த கரகரப்பின் விளிம்பில் வையுங்கள். பெடலில் டிரைவ் 9 மணி, டோன் 12 மணி. லெவலை மட்டும் முதலில், பெடலை அணைத்தாலும் போட்டாலும் ஒரே சத்தம் வரும் இடத்தில் நிறுத்துங்கள். இந்தச் சமநிலை இல்லாமல் எந்த ஒப்பீடும் செல்லாது. சத்தம் கூடியதெல்லாம் நம் காதுக்கு நன்றாகவே கேட்கும். பெடல் வாங்கும்போது ஏமாறுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சமநிலை கிடைத்ததும் லெவலை ஏற்றத் தொடங்குங்கள். ஓரளவுக்கு மேல் சத்தம் கூடுவது நின்று, ஒலி தடிமனாவதைக் கேட்பீர்கள். இப்போது சிதைப்பது பெடல் அல்ல, ஆம்ப்பின் டியூப்கள். போதுமான அடர்த்தி வந்த பிறகும் கரகரப்பு தேவைப்பட்டால் மட்டும் டிரைவைத் தொடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: டிரைவை முழுதாக ஏற்றி, லெவலைக் குறைத்துவிட்டு, டியூப் ஆம்ப் வாங்கியும் பயனில்லை என்கிறார்கள்.

ஆம்ப்பின் வகையையும் பாருங்கள். ஃபெண்டர் பாணி ஆம்ப்களின் டோன் சுற்றில், குமிழ்கள் நடுவில் இருக்கும்போதே, சுமார் 400 முதல் 500 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் பள்ளம் உண்டு. டியூப் ஸ்க்ரீமரின் புடைப்பு அந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்புகிறது. ப்ளூஸ் கிட்டார்க்காரர் ஸ்டீவி ரே வான் ஃபெண்டர் ஆம்ப்களோடு அந்தப் பெடலை வைத்துக்கொண்டதை இப்படிப் பார்த்தால் புரியும். மார்ஷல், வாக்ஸ் பாணி ஆம்ப்களில் மிட் ஏற்கெனவே முன்னால் நிற்கும். அங்கே அதே பெடல் மூக்கால் பாடுவது போலாகலாம். மிட்டைப் பெரிதாகத் தொடாத ஓவர்டிரைவ் அங்கே பொருந்தும், பாஸ் ப்ளூஸ் டிரைவர் அதற்கு ஒரு நல்ல உதாரணம்.

ஹை கெயின் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி உத்தி: டிரைவ் பூஜ்ஜியம், லெவல் 3 மணிக்கு மேல், டோன் 12 மணி. ஏற்கெனவே கனத்த டிஸ்டார்ஷன் உள்ள சேனலுக்கு முன்னால் இப்படி டியூப் ஸ்க்ரீமரை வைத்தால், அது பேஸைச் சீவிவிட்டு உள்ளே அனுப்பும். தாழ்ந்த தந்தியில் வேகமாகப் பாம் மியூட் செய்யும்போது (உள்ளங்கையால் தந்தியை அமுக்கியபடி மீட்டும்போது) சேறு போலக் குழையாமல் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழும். மெட்டல் வாசிப்பவர்களிடம் பச்சை நிற ஓவர்டிரைவ் பெடல் இருப்பதைப் பார்த்து வியப்பவர்களுக்கு இதுதான் பதில்.

படி 3: டியூப் ஆம்ப்பில் டிஸ்டார்ஷன்

இங்கே பங்கீடு மாறுகிறது. ஒலியின் உருவத்தைப் பெடல் தீர்மானிக்கும், ஆம்ப் அதை உருட்டி மெருகேற்றும். எனவே ஆம்ப்பை விளிம்பிலிருந்து கொஞ்சம் கீழே இறக்கிச் சுத்தமாக்குங்கள். பெடலில் டிஸ்டார்ஷன் 10 மணி, டோன் 10 மணியில் தொடங்குங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் பல பெடல்களில் ட்ரெபிள் மிகுந்துவிடும்.

டிஎஸ்-1 போல மிட்டில் பள்ளம் உள்ள பெடலை, மிட்டில் பள்ளம் உள்ள ஆம்ப்பில் செருகினால் இரண்டு பள்ளமும் சேர்ந்து ஒலி குழிந்துவிடும். அறையில் தனியாகக் கேட்கும்போது பிரமாண்டமாக இருக்கும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் காணாமல் போய்விடும். ஆம்ப்பின் மிட்டை 2 மணிக்கு ஏற்றுங்கள், அல்லது மிட் முந்தி நிற்கும் ஆம்ப்போடு அதை இணையுங்கள். ராட் போன்ற பெடலை ஏறக்குறைய விளிம்பிலேயே இருக்கும் ஆம்ப்பில் குறைந்த டிஸ்டார்ஷனில் வாசித்தால் மிக நன்றாக இருக்கும். என் கணக்கில் அது பலர் முயன்றே பார்க்காத அமைப்பு.

படி 4: சாலிட் ஸ்டேட் ஆம்ப்பில் ஓவர்டிரைவ்

ஏமாற்றங்கள் அதிகம் நடக்கும் இடம் இது. டியூப் ஆம்ப்பில் செய்ததுபோல லெவலை ஏற்றினால் இங்கே தடிமன் வராது. சத்தம்தான் கூடும், ஒரு கட்டத்தில் ஆம்ப்பின் முன்கட்டம் முரட்டுத்தனமாக வெட்டத் தொடங்கும். ஆகவே கணக்கை மாற்றுங்கள். லெவல் சமநிலைக்குச் சற்று மேலே மட்டும். டிரைவை 12 முதல் 2 மணி வரை ஏற்றுங்கள், ஏனென்றால் இங்கே சிதைப்பது பெடல் ஒன்றுதான். டோனைக் குறையுங்கள்.

அப்போதும் ஒலி மெலிந்து தோன்றினால், ஓவர்டிரைவ் பெடல் சீவிய பேஸை ஆம்ப்பில் திருப்பித் தர வேண்டும். பேஸ் 1 அல்லது 2 மணிக்குப் போகட்டும். இன்னும் சிறந்த வழி, இரண்டு மெல்லிய பெடல்களை அடுத்தடுத்து வைப்பது. இரண்டாவது ஓவர்டிரைவைக் குறைந்த டிரைவில் எப்போதும் போட்டே வையுங்கள். அது டியூப் ஆம்ப்பின் முன்கட்டம் போல நடந்துகொள்ளும். முதலாவதைக் கொண்டு அதைத் தள்ளுங்கள். லெவலை ஏற்றித் தடிமன் பெறும் அந்த வித்தை இப்போது இங்கேயும் வேலை செய்யும், ஏனென்றால் தள்ளுவதற்கு ஒரு சாஃப்ட் கிளிப்பிங் கட்டம் கிடைத்துவிட்டது. டியூப் முன்கட்டத்தைப் பாவனை செய்யும் முன்னாம்ப் பெடல் இருந்தால் அந்த இடத்தில் அதையும் வைக்கலாம்.

படி 5: சாலிட் ஸ்டேட் ஆம்ப்பில் டிஸ்டார்ஷன்

இது இயல்பான ஜோடி. ஆம்ப் கலங்காமல் இருப்பதால் பெடல் கொடுப்பது அப்படியே வெளியே வரும், சத்தம் கூட்டினாலும் குறைத்தாலும் குணம் பெரிதாக மாறாது. குறைந்த சத்தத்தில் வீட்டில் வாசிப்பவர்களுக்கு இதைவிட வசதியான அமைப்பு இல்லை என்பேன். டியூப் ஆம்ப்புக்கு அதன் இனிய இடத்தை எட்ட ஓரளவு சத்தம் தேவை. அதன் வாட்டைக் குறைத்தால் போதும் என்று நினைப்பதும் முழுத் தீர்வில்லை: 100 வாட்டிலிருந்து 10 வாட்டுக்கு இறங்கினால் 10 டெசிபெல்தான் குறையும், காதுக்கு அது ஏறக்குறைய பாதிச் சத்தம்.

குறை ஒன்று உண்டு. ஹார்ட் கிளிப்பிங் உண்டாக்கும் மேல் ஹார்மோனிக்குகளை உருட்ட ஆம்ப் உதவாது. எனவே ட்ரெபிளை ஆம்ப்பிலும் பெடலிலும் சேர்த்தே அடக்குங்கள்: பெடல் டோன் 9 முதல் 10 மணி, ஆம்ப் ட்ரெபிள் 10 மணி, மிட் 1 மணி. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தானே தளர்ந்துவிடும் என்பதால் கொஞ்சம் தப்பிக்கிறோம். அதே பெடலை ஸ்பீக்கர் இல்லாமல் நேராக மிக்சரில் செருகிப் பாருங்கள், பல்லைக் கூசவைக்கும் சீறல் வரும். அப்படிச் செருக நேர்ந்தால் கேபினட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் பாவனை செய்வது) கட்டாயம்.

ஆம்ப்பிலேயே உள்ள டிஸ்டார்ஷன் சேனலின் மேல் டிஸ்டார்ஷன் பெடலை ஏற்றாதீர்கள். இரைச்சல் மலைபோல் ஏறும், மீட்டலின் வேறுபாடு ஒன்றும் மிஞ்சாது. எஃபெக்ட்ஸ் லூப் (முன்கட்டத்துக்கும் பவர் ஆம்ப்புக்கும் இடையே பெடல் செருகும் இணைப்பு) உள்ள ஆம்ப் என்றால் வேறொரு வழி இருக்கிறது: பெடலை லூப்பின் ரிட்டர்ன் துளையில் நேரடியாகச் செருகுங்கள். ஆம்ப்பின் முன்கட்டமும் டோன் சுற்றும் விலகிவிடும், பவர் ஆம்ப் மட்டும் வேலை செய்யும். 1991-ல் வந்த பாஸ் மெட்டல் ஸோன் போல விரிவான ஈக்யூ உள்ள பெடல்கள் இந்த இடத்தில் வேறு பிறவி எடுக்கும். ஆம்ப்பின் மாஸ்டர் வால்யூம் ரிட்டர்னுக்கு முன்னால் இருந்தால் சத்தத்தைப் பெடலின் லெவல்தான் கட்டுப்படுத்தும். அந்த லெவலைப் பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டு ஆன் செய்யுங்கள்.

படி 6: கிட்டாரின் பக்கம்

சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்கு டிரைவைக் கடிகார முள் நிலையில் ஒரு மணி அளவு கூட்டுங்கள், ஹம்பக்கருக்கு அதே அளவு குறையுங்கள். அப்புறம் கிட்டாரின் வால்யூம் குமிழை 10-லிருந்து 6-க்கு இறக்கிப் பாருங்கள். நல்ல ஓவர்டிரைவ் கிட்டத்தட்ட சுத்த ஒலிக்குத் திரும்பும். டிஸ்டார்ஷன் கொஞ்சம் மெலிந்தாலும் டிஸ்டார்ஷனாகவே இருக்கும். ஒரே பெடலில் ரிதமும் லீடும் வாசிக்க நினைப்பவர்களுக்கு இந்தச் சோதனை ஒன்றே போதும்.

எந்தக் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளை) வாசிக்கப்போகிறீர்கள் என்பதும் பெடலைத் தீர்மானிக்கும். இரண்டு சுரங்கள் சேர்ந்து கிளிப்பிங்குக்குள் போகும்போது அவற்றின் வித்தியாசத்தில் மூன்றாவது ஒலி ஒன்று பிறக்கிறது. பவர் கார்டில் 110 ஹெர்ட்ஸ் ஏ-யும் 165 ஹெர்ட்ஸை ஒட்டிய ஈ-யும் சேர்ந்தால் வித்தியாசம் ஏறக்குறைய 55, அதாவது ஏ-யின் கீழ் ஆக்டேவ். பொருத்தமான சுரம் என்பதால் கார்டு கனத்துத் தோன்றுகிறது. அதில் மேஜர் தேர்டான 138.6 ஹெர்ட்ஸ் சி ஷார்ப்பைச் சேர்த்தால் 28.6, 26.2 என்று எதோடும் ஒட்டாத கீழ் ஒலிகள் கிளம்பும்; கார்டு குழம்பும். மேஜர், மைனர், செவன்த் கார்டுகளை முழுதாக ஸ்ட்ரம் செய்கிறவர்களுக்கு ஓவர்டிரைவும், பவர் கார்டிலேயே வாழ்கிறவர்களுக்கு டிஸ்டார்ஷனும் பொருந்துவது இதனால்தான்.

படி 7: வரிசையும் மின்சாரமும்

வழக்கமான வரிசை: கிட்டார், ஃபஸ் (இன்னும் முரட்டு வகைச் சிதைவுப் பெடல்), ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஆம்ப். ஃபஸ்ஸை முதலில் வைப்பதற்குக் காரணம், பழைய பாணி ஃபஸ்கள் பிக்கப்போடு நேராகப் பேச விரும்புபவை. முன்னால் பஃபர் (சிக்னலை வலுவாக்கி அனுப்பும் சுற்று) இருந்தால் சீறும். ஓவர்டிரைவை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் கரகரப்பு கூடும், பின்னால் வைத்தால் லீடுக்குச் சத்தம் கூடும். இரண்டும் சரி, தேவையைப் பொறுத்தது. டிலேயும் ரிவர்பும் எல்லாக் கிளிப்பிங்குக்கும் பிறகு வர வேண்டும். டியூப் ஆம்ப்பே சிதைக்கிறது என்றால் அவற்றை எஃபெக்ட்ஸ் லூப்பில் போடுங்கள், இல்லாவிட்டால் எதிரொலியும் சேர்ந்து நசுங்கும்.

பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகடிவ் அடாப்டர். 18 வோல்ட் கொடுத்தால் ஒலி திறக்கும் என்று கேட்டிருப்பீர்கள். பெடலின் கையேட்டில் 18 வோல்ட் தாங்கும் என்று எழுதியிருந்தால் மட்டும் முயலுங்கள். டிரைவ் பெடல்கள் கூடக்கூட, ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலியாகக் கொடுக்கும் மின்சாரம் ஹம்மாகத் திரும்பி வரும். தனித்தனியாகப் பிரித்துத் தரும் பவர் சப்ளைக்குச் செலவழிப்பது இன்னொரு பெடலுக்குச் செலவழிப்பதைவிடப் பயன் தரும்.

டியூப் ஆம்ப்பில் மறக்கக்கூடாதது: ஸ்பீக்கரோ லோட் பாக்ஸோ (ஸ்பீக்கருக்குப் பதில் ஆம்ப்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் பெட்டி) இணைக்காமல் ஒருபோதும் ஆன் செய்யாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். உள்ளே 300 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும், அணைத்த பிறகும் கெபாசிட்டர்களில் அது தங்கும், எனவே மூடியைத் திறக்கும் வேலை தெரிந்தவருக்கு மட்டும். சாலிட் ஸ்டேட்டில் கவனிக்க வேண்டியது, குறிப்பிட்ட ஓமுக்குக் கீழான ஸ்பீக்கரை இணைக்காமல் இருப்பது.

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால்

டியூப் ஆம்ப் வைத்திருந்து அதை ஓரளவு சத்தமாக வாசிக்க முடிகிறவர் ஓவர்டிரைவ் வாங்கட்டும். சாலிட் ஸ்டேட் ஆம்ப்பில் ராக், மெட்டல் வாசிக்க நினைப்பவருக்கு டிஸ்டார்ஷன், அதிலும் மிட்டைத் தனியாகச் சரிசெய்யும் குமிழ் உள்ளது. சாலிட் ஸ்டேட்டில் ப்ளூஸ் வாசிப்பவருக்கு, பேஸைச் சீவாத ஓவர்டிரைவ். டியூப் ஆம்ப் இருந்தும் சத்தம் கூட்ட வழியில்லாதவர், தன் ஆம்ப்பைச் சாலிட் ஸ்டேட் என்றே எண்ணிக்கொண்டு படி 4-ஐயும் 5-ஐயும் பின்பற்றலாம், ஏனென்றால் அந்தச் சத்தத்தில் அதன் பவர் டியூப்கள் விழிக்கவே இல்லை. பல மாடல்களை உள்ளே வைத்திருக்கும் டிஜிட்டல் ஆம்ப் என்றால், தேர்ந்தெடுத்த மாடல் எந்த வகையோ அதற்குரிய படி.

வாங்கும் முன் சோதிக்கும்போது உங்கள் கிட்டாரைக் கொண்டு போங்கள், உங்கள் ஆம்ப்பின் வகையைச் சேர்ந்த ஆம்ப்பையே கேட்டு வாங்கி அதில் செருகுங்கள், பெடல் போட்டாலும் அணைத்தாலும் சத்தம் ஒன்றாக இருக்கும்படி லெவலை வைத்துவிட்டுத்தான் காதைத் திறங்கள்.